ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி: முதல் நாளும் மூன்றாம் தவணையும்

ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஒருவரை எந்த வயதில் தொற்றுகிறது என்பதில்தான் அவருடைய கல்லீரலின் எதிர்காலம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. பிறக்கும்போதோ முதல் ஆண்டுக்குள்ளோ தொற்றினால் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 90 பேரிடம் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் தொற்றினால் சுமார் 30 பேரிடம் தங்கும். நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்களைத் தொற்றினால் 100-ல் 5 பேருக்கும் குறைவானவர்களிடமே தங்குகிறது. பெரியவருக்குக் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவதும் பசியற்றுப்போவதும், உடல் வைரஸை விரட்டப் போராடுவதால் வருபவை. பச்சிளம் குழந்தையின் உடல் அந்தப் போராட்டத்தைத் தொடங்குவதே இல்லை. குழந்தை பால் குடிக்கிறது, எடை கூடுகிறது, வெளியே எந்தக் குறியும் தெரிவதில்லை. பல பத்தாண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருக்க நோயாகவோ புற்றுநோயாகவோ அது வெளிப்படும்போது, தொற்றிய நாள் யாருக்கும் நினைவில் இருக்காது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் சுமார் 25 கோடியே 40 லட்சம் பேர் இந்த வைரஸுடன் வாழ்ந்தார்கள்; அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறப்பிலோ சிறுவயதிலோ தொற்றுக்கு ஆளானவர்கள். நான்கு பத்தாண்டுகளுக்கும் மேலாக நல்ல தடுப்பூசி கையில் இருந்தும் இந்த எண்கள் இவ்வளவு பெரியதாக இருப்பதற்கு மருந்தின் குறை காரணமில்லை. ஊசி காலத்தில் போடப்படாததும், தொடங்கிய தவணைகள் பாதியில் நின்றுபோவதும்தான் முக்கியக் காரணங்கள்.

முதல் 24 மணி நேரம்

தாயின் ரத்தத்தில் வைரஸ் இருந்தால், குழந்தைக்கு அது பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தாயின் ரத்தமும் உடல் திரவங்களும் படுவதால் கடக்கிறது. கருப்பையிலேயே தொற்றுவது ஒப்பீட்டளவில் குறைவு. எனவே குழந்தை பிறந்த கணத்தில் வைரஸ் அதன் உடலுக்குள் வந்திருக்கலாம். ஆனால் கல்லீரலில் வேரூன்றியிருக்காது. பிறந்தவுடன் போடும் முதல் ஊசி இந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது. நாய் கடித்தபின் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதைப் போல, இதுவும் தொற்று நேர்ந்திருக்கக்கூடிய ஒரு நிகழ்வுக்குப் பிறகு போடப்படும் ஊசி. மற்ற குழந்தைப்பருவ ஊசிகளுக்கு ஒரு வாரம் முன்பின் ஆனால் பெரிய இழப்பு இல்லை. இதற்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2009 முதல், எல்லாக் குழந்தைகளுக்கும் கூடிய விரைவில், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், முதல் தவணையைப் போடச் சொல்வது இதனால்தான். அப்படியும் இன்று உலகில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே அது உரிய நேரத்தில் கிடைக்கிறது.

24 மணி நேரம் தாண்டிவிட்டால் ஊசியைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டாம் நாள் போட்டாலும் பயன் உண்டு, ஏழாம் நாளிலும் உண்டு, அளவு குறைந்துகொண்டே போகும். தாயிடமிருந்து வரும் தொற்றைத் தடுக்கும் வாய்ப்பு நழுவியிருந்தாலும், வீட்டில் மற்றவர்களிடமிருந்து பின்னால் வரக்கூடிய தொற்றை அது தடுக்கும்.

முதல் நாள் ஊசி தவறிப்போகும் வழிகள் சில திரும்பத் திரும்ப வருகின்றன. தாயின் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்ததால் தேவையில்லை என்று விட்டுவிடுவது முதலாவது. சோதனை கர்ப்பத்தின் தொடக்கத்தில் நடந்திருக்கலாம், தொற்று பின்னால் வந்திருக்கலாம். முடிவு தவறாகப் பதிவாகியிருக்கலாம். வீட்டில் வேறொருவருக்குத் தொற்று இருக்கலாம். இரண்டாவது, பத்துத் தவணை கொண்ட குப்பியை ஒரே ஒரு குழந்தைக்காகத் திறக்கத் தயங்குவது. மீதி வீணாகும் என்ற இந்தக் கவலைக்கு இடமில்லை. பாதுகாப்புப் பொருள் சேர்த்த திரவத் தடுப்பூசிக் குப்பிகளை, அந்தத் தயாரிப்புக்கு அனுமதி இருந்து, 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்து, மாசுபடாமல் பார்த்துக்கொண்டால், திறந்த நாளிலிருந்து 28 நாள் வரை பயன்படுத்தலாம். திறந்த தேதியைக் குப்பியின் மேல் எழுதினால் போதும். மூன்றாவது காரணம் பிரசவம் ஓரிடம், தடுப்பூசிப் பிரிவு வேறிடம் என்ற ஏற்பாடு. சனிக்கிழமை மாலை பிறந்த குழந்தை திங்கள் காலைவரை காத்திருக்கிறது. அதற்குள் வீட்டுக்கும் போய்விடுகிறது. ஊசி பிரசவ அறையிலேயே இருக்கும்படி செய்வதுதான் இதற்குத் தீர்வு. நான்காவது, பிறந்த சில நாளில் பல குழந்தைகளுக்கு வரும் சாதாரண மஞ்சள் நிறத்தைப் பார்த்து ஊசியைத் தள்ளிப்போடுவது. அந்த மஞ்சளுக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பே இல்லை.

முதல் நாளுக்குத் தனி ஹெபடைட்டிஸ் பி ஊசிதான் வேண்டும். ஐந்து அல்லது ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசியை ஆறு வார வயதுக்கு முன் போடக் கூடாது. குழந்தைக்கான அளவு 0.5 மி.லி.; தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில் போட வேண்டும்.

தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்திருந்தால்

தாயின் ரத்தத்தில் எச்பிஎஸ் ஏஜி என்னும் மேற்பரப்பு ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்) இருந்தால், குழந்தைக்கு ஊசியுடன் ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலினும் கொடுக்க வேண்டும். முடிந்தவரை 12 மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. தடுப்பூசி ஒரு தொடையில், இம்யூனோகுளோபுலின் மறு தொடையில்; இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. இம்யூனோகுளோபுலின் என்பது வேறு மனிதர்களிடமிருந்து எடுத்த தயார்நிலை எதிர்ப்பொருள். உடனே வேலை செய்யும், சில மாதங்களில் கரைந்துவிடும். தடுப்பூசி மெதுவாகத் தொடங்கும், ஆனால் நிலைக்கும். முதல் சில வாரங்களின் ஓட்டையை ஒன்று அடைக்க, வாழ்நாள் பாதுகாப்பை மற்றொன்று கட்டுகிறது. இம்யூனோகுளோபுலின் கிடைக்காத இடத்தில் தடுப்பூசியை மட்டுமாவது உடனே போட வேண்டும். அது வரும்வரை ஊசியைத் தள்ளிவைப்பது பெரிய தவறு.

இரண்டும் உரிய நேரத்தில் போட்டும் தொற்றும் குழந்தைகள் உண்டு. இவர்களுடைய தாய்மார் அநேகமாக மிக அதிக வைரஸ் அளவு உள்ளவர்கள். தடுப்பு எதுவும் இல்லையென்றால், வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் எச்பி இ ஏஜி என்ற புரதம் ரத்தத்தில் உள்ள தாயிடமிருந்து 100-ல் 70 முதல் 90 குழந்தைகளுக்குத் தொற்றும். ஆகவே வைரஸ் அளவு மில்லிலிட்டருக்கு 2,00,000 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால், கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்திலாவது டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கிப் பிரசவம்வரை கொடுப்பது 2020-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையானது. வைரஸ் அளவையோ எச்பி இ ஏஜியையோ பார்க்க வசதி இல்லாத இடங்களில் தொற்றுள்ள எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுக்கலாம் என்று 2024-ன் வழிகாட்டுதல் இடம் விட்டிருக்கிறது. மாத்திரை எடுத்துக்கொண்டாலும் குழந்தையின் முதல் நாள் ஊசி அப்படியே தேவை. சிசேரியன் அதற்கு மாற்றாகாது. குழந்தைக்கு ஊசி போட்டிருந்தால் தாய்ப்பாலை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை.

குறைப்பிரசவக் குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும் முதல் ஊசியைப் போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்க்குத் தொற்று இல்லையென்று உறுதியானால், 2,000 கிராமுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு ஒரு மாதம் வரை தள்ளிப்போட அனுமதிக்கும் வழிகாட்டுதல்களும் உண்டு. தாய்க்குத் தொற்று இருந்தால் எடையைப் பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவ்வளவு சிறிய உடல் முதல் ஊசிக்குச் சரியாக எதிர்வினை காட்டாமல் போகலாம். அதனால் அந்த ஊசியைத் தவணைக் கணக்கில் சேர்க்காமல் அதன்பின் மேலும் மூன்று போட வேண்டும்.

தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குப் பலரும் மறந்துவிடும் கடைசிப் படி ஒன்று இருக்கிறது: எல்லாத் தவணையும் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, 9 முதல் 12 மாத வயதுக்குள், எச்பிஎஸ் ஏஜி, அதற்கு எதிரான எதிர்ப்பொருளான ஆன்ட்டி எச்பிஎஸ் ஆகிய இரண்டையும் சோதிக்க வேண்டும். ஒன்பது மாதத்துக்கு முன் பார்த்தால் இம்யூனோகுளோபுலினின் மிச்சமே பாதுகாப்புபோல் தோன்றி ஏமாற்றும். சோதனையில் தொற்றும் இல்லை, எதிர்ப்பொருளும் போதவில்லை என்று வந்தால் மறுபடி ஊசி போட்டுப் பார்க்கலாம். தொற்று இருக்கிறது என்றால் அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் கண்காணிப்பு தேவை. அதைச் சீக்கிரம் தெரிந்துகொள்வதே நல்லது.

எல்லாக் குழந்தைகளுக்குமான அட்டவணை இரண்டு வகை. பிறந்தவுடன், 1 மாதம், 6 மாதம் என மூன்று தனி ஊசிகள் ஒன்று. பிறந்தவுடன் தனி ஊசி, பிறகு 6, 10, 14 வாரங்களில் கூட்டு ஊசி என மொத்தம் நான்கு தவணை மற்றொன்று. இரண்டுமே நன்றாக வேலை செய்கின்றன; நான்கு தவணை என்பதற்காக அது அதிகப்படி ஆகிவிடாது. ஆரோக்கியமான குழந்தைகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் பாதுகாப்பான அளவில் எதிர்ப்பொருள் உண்டாகிறது. எந்த வயதினரையும்விடக் குழந்தைகளிடம் இந்த ஊசி நன்றாக வேலை செய்கிறது என்பது நம் பக்கம் இருக்கும் பெரிய நன்மை.

ஊசிக்குள் இருப்பது என்ன

1960-களில் அமெரிக்க ஆய்வாளர் பரூக் பிளம்பர்க் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இனம்புரியாத ஒரு புரதத்தைக் கண்டார். பின்னர் அது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறை என்று தெரியவந்தது. 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தொற்றுள்ளவர்களின் ரத்தத்தில் முழு வைரஸைவிட வெறும் மேலுறைத் துணுக்குகளே பல மடங்கு மிதக்கின்றன. அந்த வெற்றுத் துணுக்குகளைப் பிரித்துச் சுத்திகரித்ததே 1981-ல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற முதல் தடுப்பூசி. 1986-ல் மரபணுத் தொழில்நுட்பத்தில் செய்த ஊசி வந்தது: மேலுறைப் புரதத்தின் மரபணுவை ரொட்டி நொதிக்கும் ஈஸ்டுக்குள் வைத்து, புரதத்தை ஈஸ்டே தயாரிக்கும்படி செய்தார்கள். இன்று பெரும்பாலான நாடுகளில் போடப்படுவது இந்த வகை. அதில் வைரஸின் மரபுப்பொருள் கிடையாது, மனித ரத்தமும் கிடையாது. ஆகவே இந்த ஊசியால் ஹெபடைட்டிஸ் பி தொற்ற வழியே இல்லை. புரதம் ஒட்டியிருக்கும் அலுமினிய உப்பு, நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டியெழுப்பும் துணைப்பொருள்.

பலன் என்னவென்று தைவான் காட்டியது. அங்கே 1984 ஜூலையில் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு ஊசி தொடங்கியது. 1986-ல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிந்தது. தொடங்கியபோது குழந்தைகளில் 10 விழுக்காட்டுக்கு அருகே இருந்த நிரந்தரத் தொற்று, ஒரு தலைமுறைக்குள் 1 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 1997-ல் வெளியான ஆய்வில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் கல்லீரல் புற்றுநோய் பாதியளவு குறைந்திருந்தது. ஒரு தடுப்பூசியால் மனிதர்களில் புற்றுநோயைத் தடுக்க முடியும் என்பதற்குக் கிடைத்த முதல் நேரடிச் சான்று அது. ஹெபடைட்டிஸ் டி வைரஸ் பி-யின் மேலுறையைக் கடன் வாங்கித்தான் பரவும் என்பதால், இதே ஊசி அதையும் சேர்த்துத் தடுக்கிறது.

பெரியவர்களுக்கு

தொற்றினால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றால் பெரியவர்கள் ஏன் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். 5 விழுக்காடு என்பது சிறிய எண் அல்ல. டயாலிசிஸ் செய்பவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோரிடம் அது இன்னும் அதிகம். குணமாகும் கடும் தொற்றிலும் கல்லீரல் திடீரெனச் செயலிழந்து உயிர் போவது அரிதாக நடக்கிறது. மருத்துவமனையில் ரத்தத்தோடும் ஊசியோடும் வேலை செய்பவர்கள், அங்கே குப்பை அள்ளுபவர்கள், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள், வீட்டில் தொற்றுள்ளவருடன் வாழ்பவர்கள், அவருடைய துணைவர், பலருடன் பாலுறவு உள்ளவர்கள், போதைமருந்தை ஊசியில் ஏற்றுபவர்கள், சர்க்கரை நோயோ நாட்பட்ட கல்லீரல் நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கு ஊசி முதன்மையானது. துப்புரவுப் பணியாளர்கள் பல இடங்களில் பட்டியலில் விடுபட்டுப் போகிறார்கள். குப்பைப் பையிலிருந்து துருத்திய ஊசி முதலில் குத்துவது அவர்கள் கையைத்தான். இந்த வைரஸ் உலர்ந்த ரத்தக் கறையில் குறைந்தது ஏழு நாள் தொற்றும் தன்மையோடு இருக்கும்.

ஆபத்துக் காரணம் இருந்தால்தான் போடுவது என்ற முறை நடைமுறையில் தோற்றுவிட்டது, ஏனெனில் பலர் தங்கள் ஆபத்தை வெளியே சொல்வதில்லை. அமெரிக்கா 2022-ல் 19 முதல் 59 வயதுவரை எல்லோருக்கும் என்று மாற்றியதை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும்.

ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை வேண்டுமா? ஒருமுறை செய்துகொள்வது நல்லது. எச்பிஎஸ் ஏஜி இருந்தால் இப்போது தொற்று இருக்கிறது. ஆன்ட்டி எச்பிஎஸ் மட்டும் இருந்தால் அது ஊசியால் வந்த பாதுகாப்பு. ஆன்ட்டி எச்பிஎஸ், வைரஸின் உட்பகுதிக்கு எதிரான எதிர்ப்பொருளான ஆன்ட்டி எச்பி கோர் இரண்டும் இருந்து எச்பிஎஸ் ஏஜி இல்லையென்றால் எப்போதோ தொற்றிக் குணமாகியிருக்கிறது. மூன்றும் இல்லையென்றால் ஊசி தேவை. ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு ஊசி போட்டால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது கல்லீரல் மருத்துவர். சோதனையின் பெயரால் ஊசி தாமதமாகாமல், ரத்தம் எடுத்த கையோடு முதல் தவணையைப் போட்டுவிடலாம். வரிசை முக்கியம்: முதலில் ரத்தம், பிறகு ஊசி. ஊசியில் உள்ளது எச்பிஎஸ் ஏஜி புரதமே என்பதால், போட்ட பிறகு சுமார் 18 நாள் வரை அது ரத்தத்தில் தென்படலாம். ஊசி போட்ட மறுவாரம் ரத்ததானத்துக்கோ அறுவை சிகிச்சைக்கு முன்போ சோதித்து, தொற்று என்று வந்து கலங்கிப்போவதற்கு இதுவே காரணம்.

வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். 20 வயதுக்கு மேல் ஒரு தவணைக்கு 1 மி.லி. எஞ்செரிக்ஸ்-பி-யில் அது 20 மைக்ரோகிராம், ரீகாம்பிவேக்ஸில் 10 மைக்ரோகிராம். இரண்டும் சமமாகவே வேலை செய்கின்றன; வெவ்வேறு தயாரிப்புகளை மைக்ரோகிராம் பார்த்து ஒப்பிடக் கூடாது.

மூன்றாவது ஊசிக்கு ஏன் அவ்வளவு இடைவெளி? முதல் ஊசிக்குப் பின் 30 முதல் 55 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதற்குப் பின் சுமார் 75 விழுக்காட்டினருக்கும், மூன்றாவதற்குப் பின் 40 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமானவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேலானவர்களுக்கும் பாதுகாப்பு வருகிறது. முதல் இரண்டும் நினைவுச் செல்களை உருவாக்குகின்றன. அடுத்த சில மாதங்களில் அச்செல்கள் தங்களைக் கூர்மைப்படுத்திக்கொள்கின்றன. அதன்பின் வரும் மூன்றாவது எதிர்ப்பொருள் அளவைப் பல மடங்கு உயர்த்துகிறது. சீக்கிரம் போட்டால் கூர்மையாகும் முன்பே எழுப்பியதாகிவிடும். எனவே குறைந்தபட்ச இடைவெளிகளை மீறக் கூடாது: முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே 4 வாரம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே 8 வாரம், முதலுக்கும் மூன்றுக்கும் நடுவே 16 வாரம். இதைவிட முன்னதாகப் போட்டது கணக்கில் வராது.

தாமதம் வேறு கதை. இரண்டாவது ஊசி போட்டு இரண்டு ஆண்டு ஆனாலும் சரி, பத்து ஆண்டு ஆனாலும் சரி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மறுபடி மூன்று ஊசியா என்ற சலிப்பிலேயே பலர் திரும்பி வருவதில்லை. இந்தத் தடுப்பூசியில் மிக அதிகமாகத் தவறிப்போகும் தவணை ஆறு மாதம் தள்ளி நிற்கும் மூன்றாவதுதான். முதல் ஊசி அன்றே மூன்று தேதிகளையும் அட்டையில் எழுதிக் கைபேசியில் நினைவூட்டலும் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

அவசரப் பயணமோ புதிய பணியோ இருந்தால் 0, 7, 21 நாள் என்ற விரைவு அட்டவணை உண்டு. ஆனால் 12-ஆம் மாதத்தில் நான்காவதும் போட வேண்டும். 2017-ல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற ஹெப்லிசாவ்-பி, அலுமினியத்துக்குப் பதில் வேறு துணைப்பொருளைக் கொண்டது. 18 வயதுக்கு மேல் நான்கு வார இடைவெளியில் இரண்டே தவணை. வயதானவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் அது பழைய ஊசிகளைவிட நன்றாக வேலை செய்கிறது. கிடைக்கும் இடத்தில், தவணையை முடிக்காமல் போகக்கூடியவர்களுக்கு அதைத் தேர்வது அறிவுடைமை.

ஊசி பிடித்ததா என்று பார்ப்பது

எல்லோருக்கும் இது தேவையில்லை. மருத்துவப் பணியாளர்கள், டயாலிசிஸ் நோயாளிகள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள், தொற்றுள்ளவரின் துணைவர், தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகள் ஆகியோருக்குத் தேவை. கடைசித் தவணைக்கு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ஆன்ட்டி எச்பிஎஸ் அளவைப் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்து 4 என்று வந்தால் குழப்பம்தான்: ஊசி பிடிக்கவே இல்லையா, பிடித்துக் காலப்போக்கில் அளவு இறங்கியதா என்று அந்த ஒற்றை எண்ணிலிருந்து சொல்ல முடியாது.

ஊசி சரியாகப் பிடிக்காமல் போகும் காரணங்கள்: 40-க்கு மேற்பட்ட வயது, புகைப்பழக்கம், உடல் பருமன், சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, எச்ஐவி, சில மரபணு வகைகள். 60 வயதில் மூன்றில் இரண்டு அல்லது நான்கில் மூன்று பேருக்கே பாதுகாப்பு வருகிறது. இதில் நாம் மாற்றக்கூடியது காலம்: சிறுநீரக நோய் என்று தெரிந்தால் டயாலிசிஸ் தொடங்கும்வரை காத்திருக்காமல் முன்பே போட வேண்டும். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு இரட்டை அளவு: எஞ்செரிக்ஸ்-பி என்றால் 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6 மாதங்களில் நான்கு தவணை.

மூன்றும் போட்டு அளவு 10-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முழுச் சுற்று போடலாம். பாதிப்பேருக்காவது அதில் பிடித்துவிடும். அல்லது ஒரே ஒரு ஊசி போட்டு ஒரு மாதத்தில் பார்த்து, பிடித்திருந்தால் நிறுத்திவிடலாம். இரண்டு சுற்றுக்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் முதலில் எச்பிஎஸ் ஏஜி சோதிக்க வேண்டும். முன்பே தொற்று இருந்ததால் எதிர்ப்பொருள் எழாமல் இருக்கலாம்.

ஆண்டுகள் செல்லச்செல்ல எதிர்ப்பொருள் அளவு எல்லோருக்கும் இறங்கும். அதனால் பூஸ்டர் வேண்டுமா என்ற கேள்வி ஓயாமல் வருகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு வேண்டாம். இந்த வைரஸ் உடலுக்குள் வந்து நோயாக மாற 60 முதல் 150 நாள் ஆகிறது. உறங்கும் நினைவுச் செல்கள் விழித்து எதிர்ப்பொருளைக் குவிக்க அவ்வளவு நாள் தேவைப்படுவதில்லை. சிறுவயதிலும் பெரியவயதிலும் ஊசி போட்டவர்களை அலாஸ்காவில் 30 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு இந்தப் பாதுகாப்பு நீடிப்பதைக் காட்டியிருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் மட்டும் நினைவை நம்ப முடியாது. அவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை சோதித்து, 10-க்குக் கீழே போனால் ஒரு ஊசி போட வேண்டும்.

உறைந்த ஊசியும் தவறான இடமும்

வெயிலில் கெட்டுப்போகும் என்று எல்லோரும் அஞ்சும் இந்த ஊசி, வெப்பத்தை ஓரளவு நன்றாகவே தாங்கும். அது தாங்காதது குளிரை. சுமார் கழித்தல் 0.5 டிகிரியில் உறைந்துவிடும். உறைந்தால் அலுமினிய உப்பு கட்டிகளாகத் திரண்டு புரதத்தின் பிடி தளர்கிறது. உருகியபின் பார்க்க ஊசிபோலவே இருக்கும், வேலை செய்யாது. வெப்பத்துக்கு அஞ்சி ஐஸ் கட்டியோடு ஒட்டி வைப்பதும், குளிர்பதனப் பெட்டியில் உறைபெட்டியை ஒட்டிய தட்டில் வைப்பதும்தான் அடிக்கடி நடக்கும் தவறுகள். ஐஸ் பைகளை வெளியே எடுத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் அளவு உருகவிட்ட பிறகே பெட்டிக்குள் அடுக்க வேண்டும்.

உறைந்திருக்குமோ என்ற ஐயம் வந்தால் குலுக்கல் சோதனை இருக்கிறது. அதே நிறுவனத்தின் அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே கட்டியாக உறையவைத்து உருக்க வேண்டும். அதையும் ஐயத்துக்குரிய குப்பியையும் ஒன்றாகக் குலுக்கிச் சமதளத்தில் வைத்து, அரை மணி நேரம் வரை பார்க்க வேண்டும். உறைந்ததில் வண்டல் சீக்கிரம் கீழே படியும். ஐயத்துக்குரியதிலும் அதே வேகத்தில் படிந்தால் எறிந்துவிட வேண்டும். மெதுவாகப் படிந்தால் பயன்படுத்தலாம். கண்ணெதிரே கட்டியாக உறைந்த குப்பிக்குச் சோதனையே வேண்டாம், நேராகக் குப்பைக்குப் போகவேண்டியதுதான்.

பெரியவர்களுக்குத் தோள்பட்டைத் தசையில் போட வேண்டும், சராசரி உடலுக்கு 25 மி.மீ. நீள ஊசியால், பருமனானவர்களுக்கு 38 மி.மீ. தேவைப்படும். பிட்டத்தில் போட்டால் மருந்து தசையை எட்டாமல் கொழுப்பில் தங்கிவிடும். எதிர்ப்பொருள் குறைவாகவே உண்டாகும். அங்கே போட்ட தவணையைக் கணக்கில் எடுக்காமல் மறுபடி போடுவதே பாதுகாப்பு. வைத்திருந்தால் படிவு அடியில் இறங்கும் என்பதால், எடுக்கும் முன் நன்றாகக் குலுக்கிச் சீரான வெண்மை வந்ததா என்று பார்க்க வேண்டும்.

பக்கவிளைவு பற்றி அதிகம் சொல்ல இல்லை. போட்ட இடத்தில் வலி, சிலருக்கு ஓரிரு நாள் லேசான காய்ச்சல். கடும் ஒவ்வாமை சுமார் 11 லட்சம் தவணைக்கு ஒன்று. முந்தைய தவணைக்கோ ஈஸ்டுக்கோ கடும் ஒவ்வாமை இருந்தவர்களுக்குப் போடக் கூடாது. 1990-களில் பிரான்சில் இந்த ஊசியையும் நரம்பு மண்டல நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸையும் இணைத்து அச்சம் கிளம்பி, 1998-ல் பள்ளிகளில் போடுவது நிறுத்தப்பட்டது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் ஈஸ்டில் தயாரான வழக்கமான ஊசிகளைப் போடலாம்.

ஊசி குத்திவிட்டால்

தொற்றுள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி, பாதுகாப்பு இல்லாத ஒருவரைக் குத்தினால் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடு. எச்ஐவிக்கு அது சுமார் 0.3 விழுக்காடு. குத்திய இடத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கவோ கீறவோ வேண்டாம். தடுப்பூசி போட்டு ஆன்ட்டி எச்பிஎஸ் அளவு 10-க்கு மேல் இருந்ததாகப் பதிவு உள்ளவருக்கு ஹெபடைட்டிஸ் பி-க்காக வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. ஊசியே போடாதவருக்கு இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 0.06 மி.லி. வீதமும், வேறு இடத்தில் தடுப்பூசியின் முதல் தவணையும், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். ஏழு நாளுக்குப் பிறகு இம்யூனோகுளோபுலினால் பலன் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இரண்டு சுற்றுக்குப் பிறகும் ஊசி பிடிக்காதவருக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை இம்யூனோகுளோபுலின் தர வேண்டும். இவற்றில் எது தனக்கு என்று அந்த இரவில் முடிவெடுக்க, தவணைத் தேதிகளும் ஆன்ட்டி எச்பிஎஸ் எண்ணும் எழுதிய அட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.